குடும்பத்துக்கு ஒரு ஜீப் வண்டி

நமது நகரங்களில் புதிதாகக் கார் வாங்க உத்தேசிக்கும் குடும்பங்களிடையே சில வருஷங்களாக ஒரு மாறுதல் தென்பட்டு வருகிறது. முன்பெல்லாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், பின்னால் விற்றால் என்ன விலைக்குப் போகும் என்ற இரண்டு கேள்விகளோடு ஷோரூமுக்குள் நுழைந்து, இரண்டுக்கும் திருப்தியான பதில் கிடைத்தவுடன் நிறத்தை மட்டும் மற்றவர்களின் தீர்ப்புக்கு விட்டுவந்த குடும்பத் தலைவர், இப்பொழுது உயர்ந்த சக்கரங்களும் சதுரமான முகமும் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியுமாக நிற்கும் வண்டியொன்றின் முன்னால் வெகுநேரம் நின்று, மலையும் மணலும் ஆறும் தமக்கு இனி ஒரு பொருட்டல்ல என்ற பாவனையில் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். பல வீடுகளில் அந்த ஆசை முதலில் உதித்தது இல்லத்தரசியின் மனத்திலேதான் என்பதையும், ஓட்டுவதில் அவரே கெட்டிக்காரர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆசையில் குற்றமில்லை. ஆனால் பதினைந்து, இருபது லட்ச ரூபாய் போட்டு வாங்கும் அந்த வண்டியின் சுபாவம் என்ன, அது ஏன் அப்படி இருக்கிறது என்பதை அறிந்துகொண்டு வாங்குகிறவர்கள் குறைவு.

மேடுபள்ளத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வண்டியில் குணமும் தோஷமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. பாறையின்மேல் ஏறுவதற்காகச் செய்யப்பட்ட ஒவ்வொரு ஏற்பாடும், தேசிய நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்பொழுது, பின்சீட்டில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் ஏதாவதொரு வகையில் அசௌகரியமாக வந்து சேருகிறது. ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் உற்சாகத்தில் அது தெரிவதில்லை. ஆகையால் இந்த வண்டியை வாங்குவதா வேண்டாமா என்ற விவகாரத்தில் பின்சீட்டுக்காரர்களின் வாக்குக்கே அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குக் காரணம் தேடுவதானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1940ஆம் வருஷத்தில், ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்ட நிலையில், நான்கு சக்கரங்களிலும் சக்தி பாயும் லேசான உளவு வண்டியொன்று வேண்டுமென்று அமெரிக்க ராணுவத்தார் கம்பெனிகளைக் கேட்டபொழுது, மாதிரி வண்டியைச் செய்து ஒப்படைக்க அவர்கள் கொடுத்த கெடு 49 நாட்கள்தாம். பென்சில்வேனியா மாகாணத்தில் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறு கம்பெனி, கார்ல் பிராப்ஸ்ட் என்ற என்ஜினீயரின் துணைகொண்டு கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. எனினும் பெருவாரியாக உற்பத்தி செய்யும் வேலை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய கம்பெனிகளுக்கே போய்ச் சேர்ந்தது. யுத்தம் முடிவதற்குள் அவ்விரு கம்பெனியாரும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து அனுப்பினார்கள். பாரத தேசம் சுதந்திரம் அடைந்த காலத்தை ஒட்டி மஹிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பிக்க, வனத்துறை ரேஞ்சரும், அணைக்கட்டு என்ஜினீயரும், தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கியோடு கிராமம் கிராமமாகச் சென்ற வேட்பாளரும் அதில் பிரயாணம் செய்தார்கள். 1985ஆம் வருஷத்தின் இறுதியில் மாருதி கம்பெனியார் கொண்டுவந்த ஜிப்ஸிக்கு ராணுவமும் போலீஸும் முக்கிய வாடிக்கைக்காரர்கள் ஆயின. இந்த நீண்ட சரித்திரத்தில் குடும்பம் என்ற பிரயாணி எங்குமே இல்லை. பின்பக்கத்தில் எதிரெதிராகப் போட்ட பெஞ்சிப் பலகைகளில், முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து போவதே வெகுகாலம் வழக்கமாயிருந்தது.

குடும்பத்தை உத்தேசித்து இவ்வகை வண்டிகள் நம் நாட்டில் திருத்தி அமைக்கப்பட்டது மிகச் சமீப காலத்தில்தான். 2020ஆம் வருஷம் அக்டோபரில் வெளிவந்த மஹிந்திராவின் புதிய தார் வண்டியில் பின்சீட்டு முன்நோக்கித் திரும்பியது. ஆனால் கதவு பக்கத்துக்கு ஒன்றுதான். 2023இல் மாருதியின் ஐந்து கதவு ஜிம்னியும், 2024இல் ஃபோர்ஸ் கம்பெனியின் புதிய ஐந்து கதவு கூர்க்காவும், அதே வருஷம் ஆகஸ்டில் மஹிந்திராவின் தார் ராக்ஸும் வந்தன. பின்சீட்டுக்குத் தனிக் கதவு வைப்பதென்ற சாதாரணக் காரியம் இவ்வகை வண்டிகளில் பரவுவதற்கு எண்பது வருஷங்கள் பிடித்திருக்கின்றன!

இனி வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். சாதாரணக் காரில் கூண்டும் அடிச்சட்டமும் ஒன்றோடொன்று இணைந்து ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஜீப் வகையில் அப்படியில்லை. இரண்டு நீண்ட இரும்பு உத்திரங்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து ஏணி வடிவில் சேசிஸ் ஒன்றைச் செய்து, என்ஜினையும் அச்சுக்களையும் அதன்மீது பூட்டி, கூண்டைத் தனியே செய்து ரப்பர் மெத்தைகளின்மேல் உட்காரவைக்கிறார்கள். ஒரு சக்கரம் பாறைமேலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலுமாக வண்டி முறுக்கிக்கொள்ளும்பொழுது அந்த முறுக்கலைச் சேசிஸ் தாங்கிக்கொள்கிறது. பின் அச்சு ஒரே தண்டாக இருப்பதால், ஒரு சக்கரம் மேலே தள்ளப்படும்பொழுது மற்றது கீழே அழுந்தித் தரையை விடாமல் பிடிக்கிறது; ஜிம்னியில் முன் அச்சும் அப்படியே. இவையெல்லாம் கரடுமுரடான பாதையில் பெரும் வரப்பிரசாதங்கள். ஆனால் பாலம் ஏறும் இடத்தில் தார்ச்சாலையில் உள்ள சிறு மேட்டின்மீது அதே வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், கனத்த தண்டச்சு முழுவதும் ஒருங்கே குதித்து, அந்த அதிர்ச்சி பின்சீட்டில் உள்ளவரின் முதுகெலும்புக்கு நேராகச் சென்று சேருகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்கமாக எழும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வாந்தி வரும் சுபாவமுள்ள குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

உயரத்தின் விஷயமும் இப்படித்தான். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி ஜிம்னியில் 210 மில்லிமீட்டர், மூன்று கதவு தாரில் 226, கூர்க்காவில் 233. விற்பனையாளர் இந்த எண்ணைத்தான் முதலில் சொல்லுவார். உண்மையில் அதற்குச் சமமாக முக்கியமானவை மூன்று கோணங்கள்: முன்பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய கோணம், பின்பம்பர் தட்டாமல் இறங்கக்கூடிய கோணம், இரண்டு அச்சுக்களுக்கும் நடுவே வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டக்கூடிய கோணம். இந்த மூன்றாவது கோணம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் நீள நீளக் குறைந்துகொண்டே போகும். மூன்று கதவு தாரில் அந்தத் தூரம் 2,450 மில்லிமீட்டர், ஜிம்னியில் 2,590, ராக்ஸில் 2,850. பின்சீட்டுக்கு வேறு கதவும், கால் நீட்ட இடமும், பெட்டிகள் வைக்க அறையும் வேண்டுமென்று குடும்பம் கேட்டவுடன், வண்டி தன் மலையேறும் திறமையில் கொஞ்சத்தை விலையாகக் கொடுத்துவிட்டது என்பதே இந்த எண்களின் பொருள். குடும்பஸ்தருக்கு அது லாபகரமான வியாபாரம் என்றே நான் சொல்லுவேன்.

உயரத்தோடு புவியீர்ப்பு மையமும் ஏறுகிறது. அது ஏறிவிட்டால், திடீரென்று குறுக்கே வந்த ஆட்டுக்காக ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும் சந்தர்ப்பத்தில் வண்டி குடைசாயும் அபாயமும் தாழ்வான காரைவிட அதிகமாகிறது. சக்கரங்களின் வேகத்தைத் தனித்தனியே கணித்து, வழுக்கும் தருணத்தில் வேண்டிய சக்கரத்தில் மட்டும் பிரேக்கைப் போட்டு வண்டியை நேராக்கும் மின்னணுச் சாதனம் இந்த அபாயத்தை வெகுவாகக் குறைப்பதால், அது இல்லாத உயரமான வண்டியை, பழையதாயினும் சலுகை விலையாயினும், குடும்பத்துக்கு வாங்கலாகாது. மேற்கூரையில் கம்பித்தட்டு அமைத்து அதன்மேல் மூட்டை முடிச்சுக்களையும் அடுப்பையும் ஏற்றிக் கட்டுவதும் அந்த மையத்தை இன்னும் உயர்த்தும் காரியமே.

நான்கு சக்கரங்களிலும் சக்தி பாய்வதைப் பற்றி ஜனங்களிடையே உள்ள மயக்கம் மிகவும் பெரிது. அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பேச வேண்டும். கார் வளைவில் திரும்பும்பொழுது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைக் காட்டிலும் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. அணிவகுப்பில் மூலை திரும்பும்பொழுது வெளிவரிசையில் நடப்பவன் எட்டி எட்டிக் காலை வைப்பதைப் போன்றது இது. இந்த வித்தியாசத்துக்கு இடங்கொடுப்பதற்காக அச்சின் நடுவே டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டு இருக்கிறது. நல்ல சாலையில் மிகவும் உபகாரமான அந்தச் சாதனம், சேற்றில் ஓர் உபத்திரவமாக மாறிவிடுகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் சமமான விசையையே அது பகிர்ந்தளிக்கும் ஆகையால், ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ பிடிப்பின்றிச் சுழன்றால், கெட்டித் தரையிலிருக்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கிறது. மழைக்காலத்தில் வயல்வரப்போரம் இறங்கிவிட்ட கார், ஒரு சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைக்க, மற்றது சாதுவாக நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

முன் அச்சுக்கும் சேர்த்துச் சக்தியைக் கொடுத்தால் நான்கில் ஏதாவது இரண்டு சக்கரங்களாவது பிடித்துத் தள்ளும் என்பது ஃபோர் வீல் டிரைவின் அடிப்படை யோசனை. ஆனால் முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் எதிர்மூலையில் ஒன்றுமாக இரண்டு சக்கரங்கள் தூக்கிக்கொண்டால், நான்கு சக்கர விசை இருந்தும் வண்டி நகராது. அந்தச் சமயத்துக்காகவே டிஃபரென்ஷியலைப் பூட்டிவிடும் சாதனம் வந்தது. கூர்க்காவில் முன், பின் இரண்டு அச்சுக்களுக்கும் பூட்டு உண்டு. தார், ராக்ஸ் வகைகளில் குறிப்பிட்ட சில மாடல்களில் பின் அச்சுக்கு மட்டும் உண்டு. ஜிம்னியில் பூட்டுக்குப் பதிலாக, வீணே சுழலும் சக்கரத்தைப் பிரேக்கினால் பிடித்து நிறுத்தி மற்றதற்கு விசையை அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. இவற்றோடு டிரான்ஸ்பர் கேஸ் என்ற பெட்டியில் லோ ரேஞ்ச் என்றொரு தாழ்ந்த கியர் வரிசை இருக்கும். அதைப் போட்டால் வண்டி நடைவேகத்துக்குக் குறைந்து, இழுவிசை இரட்டிப்பாகவோ அதற்கு மேலாகவோ பெருகும். செங்குத்தான சரிவில் பிரேக்கைத் தொடாமலே என்ஜினின் பிடிப்பில் மெல்ல இறங்கிவிடலாம். இந்தத் தாழ்ந்த கியர் இல்லாத வண்டி, எவ்வளவு முரட்டு முகத்தோடு நின்றாலும், மேட்டுப்பாதை வண்டியாகாது என்பதை ஷோரூமில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்யூவி என்ற பட்டம் இப்பொழுது கொஞ்சம் உயரமான எந்தக் காருக்கும் கிடைத்துவிடுகிறது.

இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. ஆகையால் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையைப் போட்டுக்கொண்டு வளைவுகளில் திருப்பினால், இரண்டு அச்சுக்களும் வெவ்வேறு தூரம் ஓட முயன்று, அந்த வித்தியாசம் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்காகச் சேர்ந்துகொண்டே போய், ஸ்டியரிங் கனத்து, டயர் தேய்ந்து, கடைசியில் விலை உயர்ந்த உறுப்பு ஏதாவது ஒடியும். நெடுஞ்சாலையில் அதிகப் பத்திரமாக இருக்கட்டுமென்று ஊட்டி வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டே போகிறவர்கள் உண்டு. மேலும், நான்கு சக்கர விசை என்பது வண்டியைக் கிளப்புவதற்கு உதவுமேயொழிய நிறுத்துவதற்கு உதவாது. பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மழையில் நனைந்த சாலையில் நிற்பதற்கு வேண்டிய தூரம் இந்தக் கனத்த வண்டிக்குக் குறைவாக இருக்குமென்று நம்புவதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. ஜிம்னி, கூர்க்கா இரண்டிலும் எல்லா மாடல்களிலும் நான்கு சக்கர விசை உண்டு. ஆனால் தார் பெயரில் விற்கும் வண்டிகளில் பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளும் மாடல்கள் 2023 முதல் வந்துவிட்டன. ராக்ஸிலோ, அது வெளிவந்தபொழுதே, பெட்ரோல் வண்டிகள் எல்லாம் பின்சக்கர வகையாகவும் டீசலில் மட்டும் நான்கு சக்கர வகை கிடைப்பதாகவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வரியோ ஒன்றாக இல்லை: 2025ஆம் வருஷம் செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தின்படி, நான்கு மீட்டருக்குட்பட்ட நீளமும் 1,500 சி.சி.க்குட்பட்ட டீசல் என்ஜினும் உள்ள வண்டிக்கு 18 சதவீதம். அந்த எல்லையைத் தாண்டியதற்கு 40 சதவீதம். மூன்று கதவு தாரில் சிறிய டீசல் என்ஜினுள்ள பின்சக்கர மாடல் முதல் வகுப்பில் சேர, அதன் நான்கு சக்கர மாடல்கள் இரண்டாவதில் போய் நிற்கின்றன. பெட்ரோல் வண்டிக்கு எல்லை 1,200 சி.சி.யே ஆதலால், நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஜிம்னிக்கும் 40 சதவீதந்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஏற்காடு போய்வருவதும், மழையில் பள்ளம் விழுந்த புறநகர்த் தெருவில் வீடு சேருவதுமே தேவையானால், பின்சக்கர மாடலோ அல்லது தரை இடைவெளி அதிகமுள்ள சாதாரணக் காரோ நல்ல டயர்களோடு தாராளமாகப் போதும். மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர், எஸ்டேட்டில் வசிப்பவர், மண்பாதையில் தினந்தோறும் ஏறி இறங்குகிறவர் ஆகியோருக்குத்தான் லோ ரேஞ்ச் கியர் பணத்துக்குப் பணம் பலன் தரும்.

இப்பொழுது பின்சீட்டுக்கு வருவோம். ஜிம்னியில் நான்கு பேர் உட்காரலாம். பின்சீட்டை மடிக்காதபொழுது பெட்டி வைக்கும் இடம் 208 லிட்டர்தான். நான்கு பேர் நான்கு நாள் பிரயாணத்துக்குப் புறப்பட்டால் ஒரு பெட்டியை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இருந்தாலும், குறுகலான மலைப்பாதையிலும் நகரத்துச் சந்திலும் அதன் சிறிய உருவம் பெரிய அனுகூலம். மூன்று கதவு தாரில் முன்சீட்டை மடக்கி, உயரமான படியில் காலை வைத்து, குனிந்து நுழைந்து பின்னால் போவதென்பது வாலிபர்களுக்கு வேடிக்கை. மூட்டுவலி உள்ளவருக்கு அது நாள்தோறும் செய்யத்தக்க காரியமல்ல. கூர்க்காவில் ஏழு பேருக்கு இடமிருக்கிறது. 700 மில்லிமீட்டர் ஆழமான நீரில் இறங்கும் திறமையும், மேலே தூக்கிக் கட்டிய மூச்சுக்குழாயும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. ஆனால் மூன்றாவது வரிசைக்குப் பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது. சென்னையின் மாலை நேர நெரிசலில் அதன் கிளட்சை மிதித்து மிதித்து வீடு சேருகிறவருக்கு மலையேறும் உற்சாகம் எஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். ஐந்து பேருக்கான ராக்ஸ் இந்நான்கில் குடும்பத்தின் தேவைக்கு அதிகம் பொருந்துவது என்பது என் கருத்து. அதற்குரிய தோஷம் அதன் பருமன். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கை அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது.

மோதல் பரிசோதனையின் முடிவுகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020இல் குளோபல் என்கேப் பரிசோதனையில் மூன்று கதவு தார் நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. நமது அரசாங்கமே 2023ஆம் வருஷம் அக்டோபரில் ஆரம்பித்த பாரத் என்கேப் பரிசோதனையில் ராக்ஸ் ஐந்து நட்சத்திரங்கள் பெற்றது. குழந்தைக்கென்று தனி இருக்கை பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின்சீட்டில் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்பதைக் கையை விட்டுத் தடவிப் பார்த்தே அறியலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் போவது நம்மிடையே உள்ள மிக அபாயகரமான வழக்கங்களுள் ஒன்று; வண்டி பெரிதாக இருப்பதால் அந்த அபாயம் சிறிதும் குறைவதில்லை.

விலைப் பட்டியலில் காணும் தொகைக்கும் கையிலிருந்து போகும் தொகைக்கும் உள்ள தூரம் தமிழ்நாட்டில் அற்பமல்ல. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம். அதற்கு மேற்பட்டால் 20 சதவீதம். பதினைந்து லட்சம் விலையுள்ள வண்டிக்கு இந்த ஒரு வரி மட்டும் 2,70,000 ரூபாய். அதன்மேல் இன்ஷூரன்ஸ், அதன்மேல் சதுர முகம் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் செலவாகும் எரிபொருள், அதன்மேல் பெரிய டயர்களின் விலை. இவ்வளவுக்கும் பிறகு, வாங்கிய மறுவாரமே வண்டியை உயர்த்தி, அகன்ற டயர் போட்டு, முன்னால் இரும்புக் கம்பி வேலி அடித்து, நெற்றியில் விளக்குவரிசை பூட்டும் மோகம் ஒன்று இளைஞர்களைப் பிடித்திருக்கிறது. முன்பக்கக் கம்பி வேலியை மத்திய அரசாங்கம் 2017ஆம் வருஷத்திலேயே தடை செய்தது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை விளக்கி உச்சநீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, மோதலின்போது காற்றுப்பை எந்தக் கணத்தில் விரிய வேண்டுமென்று என்ஜினீயர்கள் கணக்கிட்டது அந்தக் கம்பி வேலி இல்லாத வண்டியை வைத்துத்தான்.

சென்னைவாசிகள் இவ்வகை வண்டியை விரும்புவதற்கு மலையைக் காட்டிலும் வெள்ளமே முக்கிய காரணமாகியிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் கார்கள் மூழ்கிக் கிடந்ததைக் கண்டவர்கள், அடுத்த கார் உயரமாகத்தான் இருக்க வேண்டுமென்று தீர்மானித்ததில் வியப்பில்லை. தாரின் நீர் தாண்டும் ஆழம் 650 மில்லிமீட்டர் என்கிறார்கள். இது அசையாத நீரில், மெதுவாக, என்ஜினை அணைக்காமல் போவதற்கான கணக்கு. எதிரே ஒரு பஸ் வந்து அலையை எழுப்பினால் கணக்கு மாறிவிடும். நீர் மூச்சுக்குழாய் வழியாக சிலிண்டருக்குள் புகுந்தால், அழுத்த முடியாத அந்த நீரை பிஸ்டன் அழுத்த முயன்று கனெக்டிங் ராட் வளைந்துபோகும். அப்படிப் பழுதான என்ஜினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பணம் தராது. என்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வாங்கியிருக்க வேண்டும். ஓடும் நீரின் விஷயமோ முற்றிலும் வேறு. முப்பது சென்டிமீட்டர் ஓடுநீர் சிறு காரை இழுத்துச் செல்லும். அறுபது சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வண்டிகளை, ஜீப்பாயினும், தூக்கிக்கொண்டு போகும். தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் போகும்பொழுது கரையிலேயே காத்திருப்பதிலிருந்து எந்த வண்டி வைத்திருப்பவருக்கும் விலக்கில்லை.

அப்படியானால் இதை எங்கேதான் ஓட்டுவது என்று கேட்கலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை விடுவது வனச் சட்டப்படியும் 1972ஆம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம். கிழக்குக் கடற்கரையோரம் மணலில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், வருஷத் தொடக்கத்து மாதங்களில் பங்குனி ஆமைகள் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன என்பதை அறிவார்களா என்பது தெரியவில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் இறங்குவதற்கு வெளியூர் வண்டிகளை விடுவதில்லை; பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நேர்ந்த விபத்துக்களே அதற்குக் காரணம். தேனி மாவட்டத்து எல்லையிலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போக முடியும். அந்தப் பாறைப்பாதையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த உள்ளூர் ஓட்டுநர்களின் ஜீப்புகள் அங்கே வாடகைக்குக் கிடைக்கின்றன. வருஷத்தில் ஒரே ஒரு நாள் இப்படிப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டுமென்ற குடும்பம், பதினைந்து லட்சத்தை முடக்காமல் அந்த வாடகையைக் கொடுத்து, ஓட்டுநரின் கைத்திறனையும் ரசித்துவிட்டு வருவதே விவேகம். அடிக்கடி போகிறவர்கள் வாங்கட்டும். சொந்தத் தோட்டம், ஊராட்சி மண்பாதை, கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சிக்கென்று அமைத்திருக்கும் தனியார் திடல்கள் ஆகியவை அவர்களுக்குத் தடையற்ற இடங்கள்.

வாங்குவதென்று முடிவாகிவிட்டால், டெஸ்ட் டிரைவுக்கு வீட்டிலுள்ள அனைவரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஷோரூம்காரர் வழக்கமாகக் காட்டும் நேரான சாலையில் ஒரு கிலோமீட்டர் போய்வருவதில் பயனில்லை. வேகத்தடைகளும் பள்ளங்களும் உள்ள தெருவொன்றைக் கேட்டுவாங்கி, ஓட்டுகிறவர் பாதி நேரம் ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். பாட்டி ஏறி இறங்குவதற்குப் பக்கப்படி தேவையா, கைப்பிடி எட்டுகிறதா, ஏ.சி. காற்று பின்னால் வருகிறதா, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் முன்சீட்டுக்காரர் பேசுவது காதில் விழுகிறதா என்பவற்றை அப்பொழுதே அறிந்துகொள்ளலாம். பின்கதவு மேலே தூக்கிக்கொள்ளாமல் பக்கவாட்டில் திறப்பதால், நெருக்கமாக நிறுத்திய இடத்தில் அது திறக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்து, எலுமிச்சம்பழம் நசுங்கி, சந்தனமும் குங்குமமும் காய்ந்த பிறகு செய்ய வேண்டியவை சில உண்டு. முன்னும் பின்னும் சேசிஸில் இழுகொக்கி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, தகுதியான இழுபட்டை ஒன்றும், டயரில் காற்றடிக்கும் சிறு கம்ப்ரெஸர் ஒன்றும், காற்றின் அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கி வண்டியில் போட்டுவைக்க வேண்டும். மணலில் சிக்கியவர்களில் பெரும்பாலோருக்கு டயரில் காற்றைப் பதினைந்து, பதினெட்டு பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிவிட்டாலே விடுதலை கிடைத்துவிடும். டயர் தட்டையாகிப் பரவி, மணலைத் தோண்டாமல் அதன்மேல் மிதந்து வரும். தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் காற்றைப் பழைய அளவுக்கு அடித்துக்கொள்ளாமல் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும் ஆகையால்தான் கம்ப்ரெஸர் அவசியமாகிறது. நான்கு சக்கர லீவரையும் மாதத்துக்கு ஒருமுறையாவது, ஈரமான மண்தரை கிடைக்கும் இடத்தில் போட்டு, சிறிது தூரம் நேராக ஓட்டி, பிறகு எடுத்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் உள்ளே எண்ணெய் பரவாமல், அது தேவைப்படுகிற ஒரு நாளில் லீவர் அசையாமல் நின்றுவிடும்.